செவிலியர் பக்கம்: வாசகர் கேள்வி

கேள்வி: அக்கா, எனக்கு வயது 33. பி.காம். முடித்துவிட்டு, திருமணமாகி அமெரிக்கா வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. செவிலியராக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு நர்சிங் படிப்பு இருக்கிறது. அதற்கெல்லாம் மதிப்பில்லை என்கிறார்கள் வீட்டில். சேரலாமா?
— ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: தாராளமாகச் சேருங்கள், தங்கச்சி. நானும் அந்த வழியில் வந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்தவரும் நாமும் எழுதுவது, செவிலியர் உரிமத்துக்கான ஒரே என்கிளெக்ஸ் தேர்வு. கிடைப்பதும் ஒரே ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற செவிலியர் உரிமம். சில பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். என்னும் நர்சிங் இளங்கலைப் பட்டம் கேட்பது உண்மை. அதை வேலைக்குப் போய்க்கொண்டே முடித்துவிடலாம். சேருமுன், அந்தப் படிப்புக்கு மாநில நர்சிங் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

என் கவலை அந்த 'இரண்டு ஆண்டு' பற்றியது. நர்சிங் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். அதற்கு முன்பே பெரும்பாலும் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் முடித்திருக்க வேண்டும். பல கல்லூரிகளில் 'டீஸ்' நுழைவுத் தேர்வும் உண்டு. எனக்கு மொத்தம் நான்கு ஆண்டுகள் பிடித்தன. உடற்கூறியல் எடுக்கும் பருவத்தில் வேறு கடினமான பாடம் எதையும் சேர்க்காதீர்கள். மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் ஒரு தட்டில் கொட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். பட்டாணி போன்ற பிசிஃபார்ம் மட்டும் பார்த்ததும் தெரிந்தது. மற்ற ஏழும் எனக்கு அப்போது வெறும் கூழாங்கற்கள்.

அதற்கெல்லாம் முன்னால், சி.என்.ஏ. என்னும் செவிலியர் உதவியாளர் பயிற்சியை முடித்துவிடுங்கள். அமெரிக்க மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். சில மாநிலங்களில் இதைவிடக் கூடும். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பதைப் புத்தகம் சொல்லாது. முதியோர் இல்லத்தில் முதல் நாள் ஒரு பாட்டிக்கு முகம் துடைத்தேன். கண்ணுக்குச் சோப்பு கூடாது. மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு மூலை. என் கை நடுங்கியது. அவரோ கண்களை மூடி, குழந்தையைப் போல முகத்தை என் பக்கம் நீட்டினார். வீடு வரும்வரை அந்த முகம் என்னுடனேயே வந்தது.

இந்த வாரமே கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் பி.காம். மதிப்பெண் பட்டியலை எந்த நிறுவனத்திடம் மதிப்பீடு செய்து வாங்க வேண்டும், அதில் எந்தப் பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.