காரின் அடிப்பாகத்தை ஷீட் போட்டு மூடினால் மைலேஜ் கூடுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் சின்ன ஹேட்ச்பேக்கில் போய் வருபவர் கேட்டிருக்கிறார். கூடும், ஆனால் நெடுஞ்சாலை ஓட்டத்தில் மட்டும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம்.

1,100 கிலோ ஹேட்ச்பேக்குக்குக் கணக்குப் போட்டால், 40 கி.மீ. வேகத்தில் காற்றெதிர்ப்பு சுமார் 50 நியூட்டன். 80-இல் 200, 100-இல் 300. டயர் உருள்வதற்கான எதிர்ப்போ எப்போதும் 120, 130-ஐ ஒட்டியே நிற்கும். அடிப்பாகத்தைச் சுத்தமாக மூடிக் காற்றெதிர்ப்பைப் பத்து சதவீதம் குறைத்தாலும், 80-இல் பெட்ரோல் மூன்று முதல் ஐந்து சதவீதம்தான் மிச்சமாகும். லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டி 21-ஐ நெருங்கினால் அது நல்ல வேலை. 90-இல் போகிறவர் 80-க்கு இறங்கினாலே காற்றெதிர்ப்பு இருபது சதவீதத்துக்கு மேல் குறையும். காசில்லாத வழி இது, முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். என்ஜினுக்குக் கீழே கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கவர் இருக்கிறதா? சர்வீசில் கழற்றும்போது கிளிப் உடைந்து, கவரே காணாமல் போன வண்டிகள் நிறைய. அப்படியானால் ஒரிஜினல் கவரையும் கிளிப்பையும் வாங்கி மாட்டுங்கள். ரேடியேட்டர் காற்று வெளியேறும் வழியை யோசித்து வடிவமைத்த கவர் அது. பட்டறையில் வெட்டிய தகடு அதற்கு ஈடாகாது.

புதிதாக ஷீட் போட வேண்டிய இடம், முன் சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் சைலன்சர் குழாய் ஓடாத இரண்டு பக்கங்கள். 3 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) ஷீட் போதும். ஃப்ளெக்ஸ் கடைகளில் கிடைக்கும் சன்பேக் அட்டை இதற்குத் தாங்காது. வெயிலில் ஒரு மீட்டர் எச்.டி.பி.இ. ஆறேழு மி.மீ. வரை நீளும். அதனால் 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை, அகல வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட். நடுவில் உள்ள ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கமாக விடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கினால் ஷீட் அலையாக வளைந்து, வேகத்தில் படபடவென்று அடித்துக் கிழியும். ஓடு வேய்வதுபோல, பின் ஷீட்டின் முன்விளிம்பு முன் ஷீட்டுக்கு மேலே செருகியிருக்க வேண்டும். தரைத் தகட்டில் துளை போடவே போடாதீர்கள். பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் அங்கேதான் ஓடுகின்றன. ஏற்கெனவே உள்ள துளைகளையும் ஸ்டட்களையும் (நீட்டிக்கொண்டிருக்கும் மரையாணிகள்) பயன்படுத்துங்கள். ஜாக்கி வைக்கும் இடமும் நீர் வடியும் துளைகளும் திறந்தே இருக்கட்டும்.

சைலன்சர், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கம் போகாதீர்கள், இரண்டும் கடும் சூடாகும். பிளாஸ்டிக்குக்கும் குழாய்க்கும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும். மாந்தோப்பில் நிறுத்தும் வண்டியில் காய்ந்த சருகு ஷீட்டுக்கு மேல் சேரும். அது சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கலாம். மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். என்ஜின் கவரின் பின்விளிம்பையும் மூடக் கூடாது. ஓசூர் பக்கம் முழுக்க ஏற்றம், சூடான காற்று வெளியேறாவிட்டால் டெம்பரேச்சர் முள் மேலே போகும். முன் சக்கர டிஸ்க் பிரேக்குக்கு வரும் காற்றை மறைத்தால் ஆபத்து இன்னும் பெரிது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும்.

முன் பம்பருக்குக் கீழே நான்கு செ.மீ. ரப்பர் பட்டை போட்டால் அடியில் நுழையும் காற்று குறையும். வேகத்தடையில் பட்டால் வளைந்து நிமிரும். பம்பருக்கு அடியில் ஒட்டும் ஃபைபர் லிப் (விறைப்பான பட்டை) நம் ஊர் வேகத்தடைக்குத் தாங்காது.

பலனை அளக்க டேஷ்போர்டு எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டில் நிறுத்தி டேங்க் நிரப்புங்கள். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் போய்வரும் ஓட்டமாகவே கணக்கிடுங்கள். டயர் காற்றழுத்தமும் வேகமும் மாறாமல், ஷீட்டோடு 500 கி.மீ., கழற்றி 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் மூன்று சதவீதம்தான் என்றால் ஒரே டேங்கில் அது தெரியாது, இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி அளக்க வேண்டும்.