ஒன்பது ஸ்னேர் சேர்ந்து ஸ்விங் ஆகுமா? டிரம் கோர் ஜாஸ் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் கோடையில் நடக்கும் டிசிஐ (டிரம் கோர் இன்டர்நேஷனல்) அமைப்பின் டிரம் கோர் போட்டிகளில் ஜாஸ் வாசிக்கும் குழுக்கள், அவற்றின் டிரம் பகுதி எழுதும் முறை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பள்ளி பேண்டுகளுக்கு டிரம் பகுதி எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, டிரம் கோர் என்றால் என்ன? நம்ம ஊர் போலீஸ் பேண்ட் மாதிரியா?

அணிவகுத்து வாசிப்பதோடு ஒற்றுமை முடிந்தது. இதில் பிராஸ் (ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகள்), டிரம், கொடி சுழற்றும் கார்டு மூன்றும்தான் உண்டு. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எதுவும் கிடையாது. அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் நடந்தும் ஓடியும் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சியை மனப்பாடமாக வாசிப்பார்கள். வயது வரம்பு சுமார் 22. 2009 முதல் இறுதிப் போட்டி இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில்.

டிரம்காரர்கள் இரண்டு பிரிவு. தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் பேட்டரி: கணீரென ஒலிக்கும் ஸ்னேர் டிரம் எட்டு முதல் பத்து, பல டிரம் சேர்ந்த டெனர் நாலைந்து, சுருதி மாற்றிக் கட்டிய பேஸ் டிரம் ஐந்து, சில குழுக்களில் சிம்பல் வரிசை. முன்னால் தரையில் நிற்கும், குச்சியால் தட்டி ஸ்வரம் வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன், ஒருவரே உட்கார்ந்து வாசிக்கும் டிரம் செட் எல்லாம் பிட்.

கேள்வி: சாக்ஸபோனே இல்லாமல் ஜாஸ் எப்படி உள்ளே வந்தது?

கலிஃபோர்னியாவின் கான்கார்டில் 1957-இல் தொடங்கிய ப்ளூ டெவில்ஸ் குழுவைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. டிசிஐயின் முதல் சாம்பியன்ஷிப் 1972. ப்ளூ டெவில்ஸ் முதலில் ஜெயித்தது 1976. ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச்சின் பேண்ட் வாசித்த ‘சேனல் ஒன் சூட்’ அந்த வருட நிகழ்ச்சியில் இருந்தது. அப்போது கையில் இருந்தது ஜி சுருதி பியூகிள் (எளிய பித்தளைக் குழல்). ட்ரம்பெட்டுக்குரிய மூன்று வால்வு அதில் கிடையாது. அதை வைத்துக்கொண்டு பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) ஒலியை எழுதிக் காட்டியவர் ஜிம் ஆட். சிறந்த பிராஸ் பகுதிக்கு இன்றைக்கும் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒஹையோவின் கேன்டனைச் சேர்ந்த ப்ளூகோட்ஸும் ஜாஸுக்குப் பேர் போனவர்கள்தான். பட்டம் அவர்களுக்கு 2016-இல்தான் கைக்கு வந்தது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. செட் டிரம்மர்கள் ஸ்டீவ் காட், பில்லி காபம் இரண்டு பேருமே சிறுவயதில் டிரம் கோரில் வாசித்தவர்கள். காட் செட்டில் வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள், அணிவகுப்பு ருடிமெண்ட் (டிரம்மின் அடிப்படைப் பாடங்கள்) அங்கங்கே தலைகாட்டும்.

கேள்வி: நான் மிருதங்கம் படிக்கிறேன். ஸ்விங் என்ற ஜாஸ் தாள நடை, அடிக்கு மூன்று துணுக்கு வரும் திஸ்ர நடைதானே?

பாதி சரி. ‘தகிட’ என்று சொல்லி நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிடுங்கள். செட்டில் தாளம் ஓட்டும் ரைடு சிம்பலின் அடிப்படை வாசிப்பு இப்படி வரும்: தா..., த.ட, தா..., த.ட. இரண்டாம் நாலாம் அடியில் ஹைஹேட் (காலால் மூடும் இரட்டைச் சிம்பல்) மூடும் சத்தம்.

மீதிப் பாதிதான் வம்பு. அந்தக் கடைசி ‘ட’ கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்கில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று ஜாஸில் சட்டம் இல்லை. வேகம் ஏற ஏற அது அடியைச் சமமாக இரண்டாக்கும் நேர் நடையை நோக்கி நகரும். செட்டில் ஒருவரே உட்கார்ந்தால் அவர் இஷ்டம். ஒன்பது ஸ்னேர் ஒரே ‘ட’வை ஒரே இடத்தில் போட வேண்டும் என்றால் யாராவது முடிவு செய்து சொல்லியாக வேண்டும். அதனால்தான் பேட்டரிக்கு ‘ஸ்விங்’ என்று மேலே ஒரு வார்த்தை எழுதி விட்டுவிடாமல், ட்ரிப்ளெட்டாகவோ 12/8 தாளமாகவோ, அடிக்கு மூன்று நோட்டாகப் பிரித்தே எழுதுகிறோம்.

கேள்வி: மைதானத்தில் ஸ்விங் கலைந்துபோகிறது என்கிறார்களே, ஏன்?

தூரம்தான் காரணம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பேட்டரிக்கும் பிட்டுக்கும் 30 மீட்டர் இடைவெளி என்றால், சத்தம் வந்து சேர 0.09 விநாடி. நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் ஒரு அடி 0.375 விநாடி, அதில் திஸ்ரத்தின் ஒரு துணுக்கு 0.125. ஆக, துணுக்கில் முக்கால் பங்கு அளவுக்கு வழியிலேயே தாமதம். ஸ்விங்கின் உயிரே அந்தத் துணுக்கில்தான் இருக்கிறது. நேர் நடைப் பாட்டில் இது லேசான கசங்கலாகத் தெரியும். ஸ்விங்கில் ‘ட’ எங்கே என்றே தெரியாமல் போகும்.

இதற்கு வழி, முன்னால் நிற்பவர்கள் கண்ணை நம்பாமல் பின்னால் இருந்து வரும் பேட்டரி சத்தத்தைக் கேட்டு அதோடு வாசிப்பது. அப்போது இரண்டும் சேர்ந்தே பார்வையாளரிடம் போகும். இதை மனதில் வைத்துத்தான் எழுதவும் வேண்டும். நெருக்கமான ஸ்விங் பகுதிக்கு முன்பு பேட்டரியை நடுவில், பிட்டுக்குப் பின்னால் கொண்டுவரும்படி அணிவகுப்பு அமைப்பவரிடம் சண்டை போட வேண்டியிருக்கும்.

கேள்வி: கல்லூரி பேண்டுக்கு ஒரு ஸ்விங் பாட்டு எழுதினேன். நோட்டெல்லாம் சரி, ஆனால் இராணுவ அணிவகுப்பு மாதிரி கேட்கிறது. எங்கே தப்பு?

நீங்கள் அனுப்பிய பகுதியைப் பார்த்தேன் தம்பி. பிராஸ் அழுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்னேரும் அழுத்துகிறது. பிக் பேண்ட் டிரம்மர் அப்படிச் செய்வதில்லை. உங்கள் எட்டாம் பாரில் (பார் என்றால் நாலு அடி கொண்ட ஒரு சுற்று) பிராஸ் நாலாம் அடியின் கடைசித் துணுக்கில் ‘பாப்’ என்று வெட்டுகிறது. அந்த ‘பாப்’போடு அடிக்காமல், நாலாம் அடியிலேயே பேஸ் டிரம் ஒரு குத்து, டெனர் ஒரு ஃபிளாம் (சின்னத் தட்டு ஒன்று முந்திவரும் அடி) கொடுத்து விட்டுவிடுங்கள். பிராஸ் அதைத் தாவுபலகையாக மிதித்துத் தாவும். ‘பாப்’ விழும்போது சிம்பல் மட்டும் இருந்தால் போதும்.

இரண்டாவது, குச்சியை ஓங்கும் உயரம். அழுத்தம் 12 அங்குலம், மற்றது 9 அங்குலம் என்று இருந்தால் எல்லாமே சத்தம். அழுத்தமில்லாததை 3 அங்குலத்துக்கு இறக்குங்கள். கெவ்லார் என்ற செயற்கை இழைத் தோல் இரும்பு மாதிரி இறுக்கமாக இருப்பதால் 3 அங்குலமே தெளிவாகக் கேட்கும்.

மூன்றாவது, ரோல் (இடைவிடாத உருட்டல்). திஸ்ரத்தின் மூன்று துணுக்கையும் இரட்டித்தால் ஆறும் ஒரே சீராக ஓடும், ‘கி’க்கு இருந்த காலி இடம் அடைபட்டுவிடும். உங்கள் பகுதியில் பன்னிரண்டு பார் தொடர்ந்து இப்படிப் போகிறது. ஸ்விங் செத்த இடம் அதுதான். முதல் துணுக்கை மட்டும் இரட்டியுங்கள், அல்லது ஸ்விஸ் ட்ரிப்ளெட் போடுங்கள்: ஃபிளாமோடு வலது, மறுபடி வலது, அப்புறம் இடது. கை மாறாததால் அதில் ஒரு சாய்வு தானாக வரும்.

கேள்வி: நோட்டைக் குறைத்தால் மார்க் குறையாதா?

நியாயமான பயம். மொத்தம் 100-இல் பொது விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. இசையின் 30-இல் டிரம்முக்கு நேராகப் போவது 10. அந்தப் பத்தைத் தரும் நடுவர் என்ன எழுதியிருக்கிறது, எப்படி வாசிக்கிறார்கள் இரண்டையும் பார்க்கிறார். எழுத்தில் கனம் இல்லையென்றால் அங்கே சறுக்கலாம். அதனால் எழுதுபவர்கள் பாட்டின் நடுவில் டிரம் தனியாக முழங்க ஒரு இடம் ஒதுக்கி, வித்தையெல்லாம் அங்கே இறக்கிவிடுகிறார்கள். மற்ற இடங்களில் பிராஸுக்கு வழிவிடலாம். ஜாஸ் பேண்டிலும் டிரம் சோலோ அப்படித்தான் வருகிறது, ஆகவே இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: இப்போதைய நிகழ்ச்சிகளில் பிட்டில் டிரம் செட்டே இருக்கிறதே. பேட்டரி ஸ்விங் ஆக வேண்டிய அவசியம் என்ன?

2004-இல் மைக் வந்தது, 2009-இல் சின்தசைஸர். பேஸ் வரியைச் சின்த் பார்த்துக்கொள்கிறது, ரைடு சிம்பலைச் செட்காரர் பார்த்துக்கொள்கிறார். பேட்டரி அதற்கு மேல் பதினாறாம் நோட்டுகளைத் தூவுகிறது. பெயர் ஜாஸ், காதுக்கு வருவது நேர் நடையில் ஓடும் ஃபங்க். எனக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். சிம்பல்காரர் இரண்டு தட்டையும் ஹைஹேட் போலப் பிடித்து நிற்க, ஸ்னேர்காரர் அதன் மேல் ரைடு வாசிக்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் கிடைக்கும் ஸ்விங்கை எந்த ஸ்பீக்கரும் தந்து நான் கேட்டதில்லை.

கேள்வி: குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ் வைத்து வாசிக்கலாமா?

மைக் இல்லாமல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது.

கேள்வி: தனியாகப் பழக ஏதாவது சொல்லுங்களேன்.

மெட்ரோனோமை இரண்டாம் நாலாம் அடியில் மட்டும் தட்டும்படி வையுங்கள். 120 வேகத்துக்கு அதை 60-இல் வைத்தால் போதும். காலால் நாலு அடியும் மிதித்துக்கொண்டு வலது கையில் ரைடு வாசிப்பு, 3 அங்குலம் தாண்டாமல். அது ஆடாமல் நின்ற பிறகு இடது கையால் ‘ட’வில் மட்டும் ஒரு தட்டு, நாலு பாருக்கு ஒரு முறை. பிறகு 80, 100 என்று ஏற்றுங்கள். ஃபிளாமைப் பற்றி அடுத்த மாதம் யோசித்துக்கொள்ளலாம்.