மீ.பொ.வ. போடத் தெரிகிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. யூக்ளிட் வழிமுறையில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) காணச் சொன்னால் பிழையில்லாமல் செய்கிறாள். ஏன் அப்படி வருகிறது என்று கேட்டால் விழிக்கிறாள். மட்டு எண்கணிதம் (மீதியை மட்டும் வைத்துக் கணக்கிடுவது) என்றாலே பயம். வீட்டில் நான் எப்படி உதவலாம்?

பதில்: இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். சின்ன வகுப்புகளில் ஈவுதான் விடை; மீதி ஓரத்தில் எழுதிவைக்கும் மிச்சம். எண்களின் பண்புகளை ஆராயும் எண்ணியலில் மீதிக்குத்தான் முதல் மரியாதை. இந்த மாற்றத்தைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் பலர் மனப்பாடத்தில் இறங்குகிறார்கள்.

252, 198 என்ற இரண்டு எண்களைக் கொடுங்கள். கணக்குப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசமான 54-ஐயும் வகுக்குமா? 6-ஐ வைத்துப் பார்க்கட்டும். 252-இல் 42 ஆறுகள், 198-இல் 33 ஆறுகள். கழித்தால் 9 ஆறுகள், அதாவது 54. திருப்பியும் பாருங்கள்: 198, 54 இரண்டையும் வகுக்கும் எண், அவற்றின் கூடுதலான 252-ஐயும் வகுத்தே தீரும். ஆக, பொது வகுத்திகள் அப்படியே இருக்கின்றன, எண்கள்தான் சிறுத்துவிட்டன. இதை அவளே தன் வாயால் சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போக வேண்டாம். ஒரு மாலை முழுதும் இதற்கே போனாலும் சரி.

அப்புறம் 198 = 54 × 3 + 36, 54 = 36 × 1 + 18, 36 = 18 × 2 + 0. மீ.பொ.வ. 18. சுமார் கி.மு. 300-இல் யூக்ளிட் 'எலிமென்ட்ஸ்' நூலின் 7-ஆம் பகுதியில் இதைத் தொடர் கழித்தலாகவே எழுதினார். 54-ஐ மூன்று முறை கழிப்பதன் சுருக்கம்தான் நாம் செய்யும் வகுத்தல்.

மட்டு எண்கணிதத்துக்குக் குறியீட்டில் தொடங்காதீர்கள். இன்று செவ்வாய் என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, எனவே வியாழன். 14 வாரம் கடந்தது விடையைத் தொடவே இல்லை. அடுத்து, இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுபடுமா என்று பார்க்கிறோமே, அது ஏன்? 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் 4572-இன் மீதியை 4 + 5 + 7 + 2 = 18 சொல்லிவிடுகிறது: 18 ஒன்பதால் வகுபடும், எனவே மீதி 0. சிறுவயதில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட விதிக்குக் காரணம் கிடைக்கும்போது பயம் தானாகக் குறையும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம். −17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி −2 என்று எழுதுவார்கள். மீதி குறை எண்ணாக இருக்கக்கூடாது; −17 = 5 × (−4) + 3 என்பதால் மீதி 3. இன்னொன்று, மீ.பொ.வ. × மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) = எண்களின் பெருக்கல் பலன் என்பது இரண்டு எண்களுக்குத்தான். 2, 4, 6 எடுத்துப் பாருங்கள்: 2 × 12 = 24, பெருக்கல் பலனோ 48. இந்த எடுத்துக்காட்டை நீங்கள் சொல்லாமல், அவளையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள்.