கடைசிக்காலமும் இரட்சிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளிப்படுத்தின விசேஷத்தைப் பலமுறை வாசிக்கத் தொடங்கி, முத்திரைகள் உடைக்கப்படும் ஆறாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறேன். கடைசிக்காலத் தீர்க்கதரிசனங்களை முறையாகப் படிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: முதல் ஐந்து அதிகாரங்களை நீங்கள் ஒரு முன்னுரைபோலக் கருதிக் கடந்துவிடுகிறீர்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த நூல் சின்ன ஆசியாவில் இருந்த ஏழு சபைகளுக்கு, ஊர்ப்பெயர் சொல்லி அனுப்பப்பட்ட நிருபம். பெர்கமுவில் அந்திப்பா ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தான். சிமிர்னாவில் சிலர் சிறைக்குப் போகவிருந்தார்கள். லவோதிக்கேயாவோ தனக்கு ஒரு குறைவுமில்லை என்று நிறைவாக உட்கார்ந்திருந்தது. வலுசர்ப்பத்தையும் மிருகத்தையும் பற்றிய தரிசனங்கள் முதலில் இவர்களுக்கே வாசித்துக் காட்டப்பட்டன. ஆகவே இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் வரும் ஏழு கடிதங்களை நிதானமாக வாசித்தவருக்கு, ஆறாம் அதிகாரத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து எழுப்பும் ‘எதுவரைக்கும்?’ என்ற கூக்குரல் புதிராக இராது.

அடுத்ததாக, பழைய ஏற்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் சமுத்திரத்திலிருந்து எழும் மிருகத்துக்குச் சிறுத்தையின் உடல், கரடியின் கால்கள், சிங்கத்தின் வாய், ஏழு தலைகள், பத்துக் கொம்புகள். தானியேல் 7ஆம் அதிகாரத்தில் சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புள்ள நான்காம் மிருகம் என நான்கும் தனித்தனியே வருகின்றன. அங்கே சிறுத்தைக்கு மட்டும் நான்கு தலைகள். மற்ற மூன்றின் தலைகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், ஏழு வரும். தானியேல் கண்ட அரசுகள் அனைத்தின் கொடுமையும் ஒரே உருவத்தில் திரண்டு நிற்கிறது என்பதை இந்நூலை எழுதிய யோவான் ஒரு விளக்கமும் தராமல் காட்டிவிடுகிறார். இப்படிப்பட்ட இடங்களைத் தவறவிட்டு, அன்றாடச் செய்திகளை ஒரு கையிலும் வேதாகமத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பவர்களே பெரும்பாலும் வழிதவறுகிறார்கள். தானியேல், சகரியா, மத்தேயு 24, தெசலோனிக்கேயர் நிருபங்கள், அதன்பின் வெளிப்படுத்தின விசேஷம் என்ற வரிசையை நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: தானியேல் 9இல் உள்ள எழுபது வாரங்களுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: கணக்குகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை முதலில் பார்ப்போம். ஒரு வாரத்தை ஏழு ஆண்டுகளாகக் கொண்டால் எழுபது வாரங்கள் 490 ஆண்டுகள். மேசியா வரையிலான 69 வாரங்கள் 483 ஆண்டுகள். எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை எப்போது வெளிப்பட்டது என்பதில்தான் பிரிவு தொடங்குகிறது. எஸ்றா 7ஆம் அதிகாரத்தில் பெர்சிய அரசனான அர்தசஷ்டா ராஜாவின் ஏழாம் ஆண்டில், அதாவது கி.மு. 457இல், பிறந்த கட்டளையைத் தொடக்கமாகக் கொண்டால் 483 ஆண்டுகள் கி.பி. 27இல் முடிகின்றன, இயேசுவின் ஞானஸ்நானம் ஏறக்குறைய அக்காலத்தது. நெகேமியா 2ஆம் அதிகாரத்தில் அதே ராஜாவின் இருபதாம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்பவர்கள் கி.மு. 445 அல்லது 444இலிருந்து எண்ணுகிறார்கள். அப்படிச் சூரிய ஆண்டுகளால் எண்ணினால் கணக்குச் சிலுவை மரணத்தைத் தாண்டிப் போய்விடுவதால், ஆண்டுக்கு 360 நாட்கள் என்று வைத்து 1,73,880 நாட்களாக மாற்றிக்கொள்கிறார்கள். கடைசி வாரத்தைப் பிரித்தெடுத்து முடிவுக்கு முன் வரவிருக்கும் கொடிய துன்பக்காலமான உபத்திரவ காலமாக வைப்பவர்கள் உண்டு. அது இயேசுவின் ஊழியத்தோடு நிறைவேறிவிட்டது என்பவர்களும் உண்டு. வேறு சில அறிஞர்கள், கி.மு. 167இல் சீரிய அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதையே இப்பகுதி முதன்மையாகக் குறிக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்தியோகஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இயேசு, தானியேல் சொன்ன பாழாக்குகிற அருவருப்பை இனிமேல் காணப்போகும் ஒன்றாகவே பேசுகிறார். ஒரு முறை நிகழ்ந்தது பிந்திய நெருக்கடிகளுக்கும் முன்மாதிரியாகிறது என்று கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இந்தக் கணக்குகளில் எனக்கு மனச்சாய்வு உண்டு, கி.மு. 457 என்பதையே வலுவானதாகக் கருதுகிறேன். ஆயினும் அதே ஆண்டை வைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகர் தானியேல் 8:14இன் 2,300 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, கிறிஸ்துவின் வருகை 1843ஐ ஒட்டி நிகழும் என்றார் என்பதையும் மறக்கக் கூடாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1 என்பதால் நடுவில் பூஜ்ஜிய ஆண்டு இல்லையென்று கண்டு கணக்கைத் திருத்தினார்கள். 1844 அக்டோபர் 22 என்று நாளே குறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், நாள் கடந்தது, ‘பெரும் ஏமாற்றம்’ என்ற பெயர் மட்டும் வரலாற்றில் நின்றது. கூட்டலில் பிழையில்லை. கூட்டிய எண்களுக்கு ஏற்றிய பொருளில்தான் பிழை இருந்தது.

இதைவிட முக்கியமானதைச் சொல்ல வேண்டும். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் தானியேலும் ஒரு கணக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார். எருசலேமின் பாழ்க்கடிப்பு எழுபது ஆண்டுகளில் தீரும் என்ற எரேமியாவின் வசனம் அது. எழுபது முடியும் தருவாயில் அவர் விடுதலைக்கான தேதியை அறிவிக்கவில்லை. உபவாசம் இருந்து, இரட்டு உடுத்தி, நான்காம் வசனம் முதல் பத்தொன்பதாம் வசனம் வரை, ‘நாங்கள் பாவஞ்செய்தோம்’ என்று தம்மையும் சேர்த்தே அறிக்கை செய்கிறார். காபிரியேல் கொண்டுவரும் எழுபது வாரச் செய்தி இந்த ஜெபத்துக்கான பதில். எனவே 24ஆம் வசனம் எண்ணைச் சொன்னவுடன், அக்காலம் எதற்காகக் குறிக்கப்பட்டது என்பதையும் சொல்கிறது: பாவங்களைத் தொலைக்க, அக்கிரமத்தை நிவிர்த்தி செய்ய, நித்திய நீதியை வருவிக்க. மேசியா சங்கரிக்கப்படுவார், ‘ஆனாலும் தமக்காக அல்ல’ என்று 26ஆம் வசனம் கூறுகிறது. இரட்சிப்பின் செய்தியே இந்தத் தீர்க்கதரிசனத்தின் உள்ளடக்கம். 25ஆம் வசனத்தின் எண்களுக்காகப் பலகை நிறைய எழுதிவிட்டு 24ஆம் வசனத்தை ஒரு வரியில் கடந்துபோகும் வகுப்புகள், பதிலை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்கின்றன.

கேள்வி: பரலோகம் செல்பவர்கள் 1,44,000 பேர்தானா?

பதில்: வெளிப்படுத்தின விசேஷம் 7ஆம் அதிகாரத்தை முழுமையாக வாசியுங்கள். அந்த எண்ணை யோவான் காதால் கேட்கிறார். அதன்பின் அவர் கண்ணால் பார்ப்பதோ, சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலுமிருந்து வந்த, ஒருவராலும் எண்ணக்கூடாத திரளான கூட்டம். இரண்டும் ஒரே ஜனமா, வேறு வேறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இடம் இத்தனை பேருக்குத்தான் என்ற முடிவுக்கு மட்டும் அந்த அதிகாரம் இடங்கொடுக்கவில்லை.

கேள்வி: புதிய அடையாள எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டேன். அது 666 முத்திரையாக இருந்து, அறியாமலே என் இரட்சிப்பை இழந்துவிட்டேனோ என்று தூக்கமில்லாமல் தவிக்கிறேன்.

பதில்: அம்மா, நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 13, 14ஆம் அதிகாரங்களில் அந்த முத்திரை மிருகத்தை வணங்குவதோடு சேர்த்தே பேசப்படுகிறது. அறியாமல் ஒட்டிக்கொள்ளும் ஒன்றாக அல்ல. 13ஆம் அதிகாரம் முடிந்த கையோடு, 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவோடு நிற்பவர்களின் நெற்றிகளில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் யாருக்கு உரியவர், யாரை ஆராதிக்கிறார் என்பதே அங்கு கேள்வி.

666 என்ற எண்ணை எபிரெய எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டி, ரோமப் பேரரசனைக் குறிக்கும் ‘நீரோ இராயன்’ என்று விளக்குவது பலர் ஏற்கும் கருத்து. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது 616 என்றும் காணப்படுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சபைத் தலைவர் இரேனியு அந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். எண்ணுக்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றைச் சொல்லிப் பார்த்த அவரே, எந்தப் பெயரையும் உறுதியாக அறிவிப்பது ஆபத்து என்று நிறுத்திக்கொண்டார். யோவானின் காலத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தவர் காட்டிய நிதானத்தை, ஒவ்வொரு புதிய தொழில்நுட்பத்தின்மேலும் அந்த எண்ணை ஒட்டுகிறவர்களும் காட்டலாம்.

கேள்வி: உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று நம்பாதவர் இரட்சிக்கப்பட்டவரே அல்ல என்று எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர் கூறுகிறார். அப்படியா?

பதில்: அப்படியல்ல. ‘இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?’ என்று பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் கேட்டபோது, கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி என்பதே பவுலும் சீலாவும் அளித்த பதில். தாம் பிரதானமாக ஒப்புவித்த சுவிசேஷம் எதுவென்று 1 கொரிந்தியர் 15இல் பவுல் கூறுகிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். நிகழ்ச்சி நிரல் எதுவும் அதில் இல்லை.

சபையின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. உபத்திரவத்துக்கு முன்னான எடுத்துக்கொள்ளப்படுதல் என்ற உபதேசம் ஒரு முறையான திட்டமாக 1830களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனை வழியாக வடிவம் பெற்று, 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தால் பரவலாயிற்று. அதை நம்புவது இரட்சிப்பின் நிபந்தனையானால், அதற்கு முன் வாழ்ந்த இரத்தசாட்சிகளை எங்கே வைப்பது? இரண்டாம் நூற்றாண்டின் இரத்தசாட்சி ஜஸ்டின், எருசலேமில் கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி வரும் என்று உறுதியாக நம்பியவர். ஆயினும் தூய விசுவாசமுள்ள கிறிஸ்தவர்களில் பலர் வேறுவிதமாக எண்ணுகிறார்கள் என்று எழுதினார். பழங்காலச் சபைப் போதகர் அகுஸ்தீனோ, தொடக்கத்தில் அத்தகைய எதிர்பார்ப்புக் கொண்டிருந்து, பின்னர் அந்த ஆயிரம் ஆண்டுகளைச் சபையின் காலமாக விளக்கினார். இவர்களில் ஒருவரையும் மற்றவரின் விளக்கத்தை வைத்து யாரும் புறம்பாக்கவில்லை.

அதற்காக, கடைசிக்கால உபதேசம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று போதித்த இமெநேயையும் பிலேத்தையும் பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார், ஏனெனில் அது சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்துப்போட்டது. கிறிஸ்து மறுபடியும் வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு, அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்று 381ஆம் ஆண்டின் விசுவாசப் பிரமாணம் அறிக்கையிடுகிறது. இவற்றை மறுப்பது ஒன்று, இவற்றின் வரிசையில் வேறுபடுவது வேறொன்று. உங்கள் வகுப்பிலுள்ள அந்தச் சகோதரரிடம் இந்த வேறுபாட்டைப் பணிவோடு சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ‘முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்’ என்று மத்தேயு 24:13 கூறுகிறது. கிருபையினாலே இரட்சிப்பு என்ற எபேசியர் 2:8க்கு இது முரண் அல்லவா?

பதில்: உபத்திரவத்தினூடே நிலைநின்றவர்களைப் பற்றி வேதமே தரும் விளக்கத்தைப் பாருங்கள். மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்களின் அங்கிகள் எப்படி வெண்மையாயின என்று வெளிப்படுத்தின விசேஷம் 7:14 சொல்கிறது. அவர்கள் பட்ட பாடுகளால் அல்ல, ஆட்டுக்குட்டியானவருடைய இரத்தத்தில் தோய்த்து வெளுத்ததால். அவ்வாறே 20ஆம் அதிகாரத்தில், மரித்தோர் அவரவர் கிரியைகளுக்குத்தக்கதாக நியாயத்தீர்ப்படையும்போது, கிரியைகள் எழுதப்பட்ட புஸ்தகங்களோடு ஜீவபுஸ்தகம் என்ற வேறொரு புஸ்தகமும் திறக்கப்படுகிறது. ஜீவபுஸ்தகத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பதைக்கொண்டே முடிவு தீர்மானிக்கப்படுகிறது என்பது 15ஆம் வசனத்தில் தெளிவு. நிலைநிற்பது இரட்சிப்புக்குச் செலுத்தும் விலையல்ல, அதைப் பெற்றவர்களிடம் காணப்படும் அடையாளம். மெய்யாக விசுவாசித்தவரைத் தேவனே இறுதிவரை காப்பார் என்று கால்வினிய மரபும், விசுவாசத்தை விட்டு விலக ஒருவருக்கு இயலும் என்று வெஸ்லிய மரபும் போதிக்கின்றன. முன்னவர் யோவான் 10:28ஐயும் பின்னவர் எபிரெயர் 6ஆம் அதிகாரத்தையும் முன்வைப்பார்கள். ஆனால், அசட்டையாய் இருக்க மத்தேயு 24:13 இடங்கொடுக்கிறது என்று இரு சாராரும் சொன்னதில்லை.

கேள்வி: வருகையின் தேதியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறும் ஒரு போதகரை நம்பி என் நண்பர் வேலையை ராஜினாமா செய்யப்போகிறார். நான் என்ன சொல்வது?

பதில்: கேலி செய்யாதீர்கள், அது அவரை அந்தப் போதகரிடம் இன்னும் நெருக்கமாகத் தள்ளும். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்ற வசனம் அவருக்கும் மனப்பாடமாக இருக்கும்; மாதத்தையும் ஆண்டையும் அறியலாமே என்று அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும். ஆகவே அப்போஸ்தலர் 1:7ஐயும் காட்டுங்கள். அங்கே நாள், நாழிகை மட்டுமல்ல, காலங்களையும் வேளைகளையும் அறிவதும் சீஷர்களுக்கு அடுத்ததல்ல என்கிறார் இயேசு. 1994ஐயும் பின்னர் 2011 மே 21ஐயும் குறித்த அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங், எதுவும் நிகழாமற்போகவே அதே ஆண்டு அக்டோபர் 21க்கு மாற்றினார். 2012இல், தேதி குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவரை நம்பியவர்களில் சிலர் அதற்குள் சேமிப்பைச் செலவழித்திருந்தார்கள்.

பின்பு இரண்டு தெசலோனிக்கேயர் நிருபங்களையும் அவரோடு சேர்ந்து ஒரே அமர்வில் வாசியுங்கள், எட்டு அதிகாரங்கள்தான். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற செய்தியால் கலங்கிய சபைக்கே பவுல் அமைதலோடே வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி கட்டளையிடுகிறார் என்பதை நண்பர் தாமாகவே கண்டுகொள்ளட்டும். ராஜினாமாக் கடிதம் இன்னும் கொடுக்கப்படவில்லையானால், குறிக்கப்பட்ட தேதிக்கு மறுநாள் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். போதகர் சொல்வது உண்மையானால் அந்தத் தாமதத்தால் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.