ரைடிங் மோவர் (உக்காந்து ஓட்டி புல் வெட்டுற வண்டி) பின் சக்கர கியர்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, டெக்சாஸ்ல இருக்கேன். இஞ்சின் ஓடுது, பிளேடு சுத்துது, வண்டி மட்டும் நகரல. டிரான்ஸ்ஆக்ஸிலையே (கியரும் பின் ஆக்ஸிலும் சேந்த பெட்டி) மாத்தணும்னு கடைல சொல்றாங்க.

பதில்: அவசரப்படாதீங்க தம்பி, கியர் போச்சுன்னு சொல்றது பல நேரம் வெளிய இருக்குற கோளாறுதான். வண்டிய கையால தள்ள பல வண்டியில பின்னாடி ஒரு ஃப்ரீவீல் லீவர் (சக்கரத்த கியர்ல இருந்து விடுவிக்கிறது) இருக்கும், அது இழுத்தபடியே இருக்கான்னு பாருங்க. அடுத்து டிரைவ் பெல்ட், பளபளன்னு வழுவழுப்பாயிட்டா புல்லியில வழுக்கும். அதுவும் சரின்னா சக்கரத்து மூடிய கழட்டிப் பாருங்க, ஆக்ஸிலையும் சக்கரத்தையும் சேத்துப் பிடிக்கிற சின்ன இரும்பு கீ ஒண்ணு இருக்கும், ஒரு பக்கம் அது தேஞ்சோ விழுந்தோ போச்சுன்னா டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் பவர பிரிக்கிற கியர்) இருக்குறதால பவர் எல்லாம் அந்தப் பக்கமே வெட்டியா சுத்திப் போயிடும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். ரெண்டு மூணு டாலர் சாமான் அது!

கேள்வி: என்னுது ஹைட்ரோ (கியருக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல ஓடுற வண்டி). அரை மணி நேரம் வெட்டினா மேட்டுல ஏற மாட்டேங்குது.

பதில்: சூட்டுல ஆயில் இளகி, பம்புக்குள்ளயே அழுத்தம் கசியுது. முதல்ல டிரான்ஸ்ஆக்ஸில் மேல இருக்குற ஃபேன்ல அடைஞ்ச புல்ல எடுங்க, இத யாருமே செய்யறதில்ல. டஃப் டார்க் கம்பெனி கே46 மாதிரி ஹைட்ரோ யூனிட்ட சீல் பண்ணதுன்னு சொல்லுவாங்க, டிரெயின் பிளக்கே கிடையாது, வண்டியில இருந்து இறக்கி கவுத்துதான் பழைய ஆயில வடிக்கணும். நான் ஆயில மாத்தறதுதான் நல்லதுன்னு சொல்லுவேன். கிரேடு மட்டும் அந்த யூனிட்டுக்குச் சொன்னதே போடுங்க. ஊத்தினதும் காத்து எடுக்கணும்: பின் சக்கரத்த தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி (ஜாக்க மட்டும் நம்பாதீங்க), முன் சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஃப்ரீவீல் லீவர இழுத்துவிட்டு முன்னாடி பின்னாடி சில தடவ மெதுவா ஓட்டுங்க, அப்புறம் லீவர உள்ள தள்ளி அதே மாதிரி.

கேள்வி: பழைய கியர் வண்டி, ஆயில் எங்க ஊத்தறது சார்?

பதில்: இந்த மாதிரி பழைய பியர்லெஸ் கம்பெனி கியர் பாக்ஸ் பலதுல ஆயிலே கிடையாது, பென்டோனைட் (ஒரு வகை களிமண்) சேத்த கிரீஸ் அடைச்சிருக்கும், பிரிச்சாதான் மாத்த முடியும். நம்மூர் பைக் மாதிரி ஓட ஓட கியர் போடாதீங்க, உள்ள கியர ஷாஃப்ட்டோட பூட்டுற ஷிஃப்ட் கீ முனை மழுங்கிடும். வண்டி முழுசா நின்னப்புறம்தான் மாத்தணும்.

கேள்வி: சக்கரம் துரு பிடிச்சு கழலவே மாட்டேங்குது.

பதில்: துரு இளக்குற ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, புல்லர் (சக்கரத்தப் பிடிச்சு இழுக்குற கருவி) போட்டு இழுங்க. ஆக்ஸில் நுனியில சுத்தியல் வேணாம், அந்த அடி உள்ள இருக்குற கிளிப், பேரிங்கத்தான் பதம் பாக்கும். திரும்ப மாட்டும்போது ஆன்டி சீஸ் (துருவுல இறுகாம தடுக்குற பசை) ஆக்ஸில்ல தடவிட்டு மாட்டுங்க.