போர்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் ஒரு டெக்ஸ்-மெக்ஸ் (டெக்ஸாஸ் பாணி மெக்சிகன்) உணவகத்தை ஃபிரான்சைஸாக, அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரையும் முறைகளையும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தி, நடத்துகிறேன். டெக்ஸாஸுக்குள் மட்டும் கிளைகள் உள்ள நிறுவனம். பத்து வருட ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. அந்தக் கட்டணமான ராயல்டியைக் கட்டி மாளவில்லை. அதே கட்டடம், அதே மெனு, வேறு பெயர் என்று மனைவி பெயரில் தொடர நினைக்கிறேன். வழக்கு வருமா?

பதில்: வரும். தோற்கவும் வாய்ப்பு அதிகம்.

இதே தொழிலில், உங்கள் ஊரிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. டாக்கோ கபானா என்ற உணவகம் 1978ல் சான் அன்டோனியோவில் தொடங்கியது. பளிச்சென்ற வண்ணங்கள், சுவரோவியங்கள், கராஜ் கதவு போட்டுப் பிரித்த முற்றம் என்று அதற்கொரு தோற்றம். 1985ல் ஹூஸ்டனில் அதே சாயலில் டூ பெசோஸ் திறந்தது. பெயரில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனாலும் 1992ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாக்கோ கபானா பக்கம் நின்றது. தனித்தன்மையுள்ள கடைத் தோற்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அது மக்கள் மனதில் பதிந்துவிட்டதாகத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. டூ பெசோஸ் வெளிக் கம்பெனி. நீங்களோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்.

ஃபஹீட்டா, என்சிலாடா, கேசோ போன்ற டெக்ஸ்-மெக்ஸ் உணவுகள் யாருக்கும் தனிச் சொத்தில்லை, தாராளமாக விற்கலாம். ஆனால் உங்கள் நிறுவனம் ரகசியமாக வைத்திருக்கும் சல்சா செய்முறையைத் தொடாதீர்கள்.

அப்புறம் போட்டித் தடைப் பிரிவு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட மைல் தூரத்துக்குள் இதே தொழில் கூடாது என்று அநேகமாக எழுதியிருப்பார்கள். நியாயமான அளவில் இருந்தால் டெக்ஸாஸ் வணிகச் சட்டத் தொகுப்பின் 15.50ஆம் பிரிவுப்படி அது செல்லும். 'ரொம்பக் கடுமையாக இருக்கிறது, கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அளவு மீறியிருந்தாலும் 15.51படி நீதிமன்றம் அதைத் தள்ளிவிடாது, திருத்தி அமல்படுத்தும்.

மனைவி பெயரில் நடத்துவது காப்பாற்றாது. நீதிமன்றம் உங்களுக்கு எதிராகத் தடை உத்தரவு போட்டால், அது தெரிந்தும் உங்களோடு சேர்ந்து செயல்படுவோரையும் அந்த உத்தரவு கட்டுப்படுத்தும். தயவுசெய்து அவரை இதில் இழுக்காதீர்கள்.

முதலில் லீஸைப் படியுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் கடை இடத்தை நிறுவனமே எடுத்துக்கொள்ளலாம் என்று பல லீஸ்களில் இருக்கும். அப்படியென்றால் கட்டடமே உங்கள் கையில் நிற்காது. பிறகு லீஸ், ஒப்பந்தம், கடனுக்கு நீங்களே சொந்தப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தனிநபர் உத்தரவாதம் மூன்றோடும் ஒரு ஃபிரான்சைஸ் வழக்கறிஞரை இப்போதே பாருங்கள். தூரத்தைக் குறைக்கவோ, தடையைக் கைவிடவோ, குறைந்த ராயல்டியில் புதுப்பிக்கவோ பேச இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை புதுப் பெயரில் கம்பெனி எதுவும் பதிவு செய்யாதீர்கள். ஒப்பந்த காலத்திலேயே போட்டிக்கு இறங்கியதாகச் சொல்லி உங்களை முன்கூட்டியே வெளியேற்ற அதுவே காரணமாகிவிடலாம்.