கடையில் கிடைக்கும் ஜாமை வீட்டில் ஏன் செய்ய வேண்டும்?

வேலை முடிந்து வந்தால் கைப்பேசியைப் பார்ப்பதைத் தவிர எதிலும் மனம் செல்வதில்லை, ஜாம் செய்வது போன்ற சின்ன வேலைகளில் உண்மையிலேயே மகிழ்ச்சி கிடைக்கிறதா, கடையில் கிடைப்பதை ஏன் மெனக்கெட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளாக, மாதம் ஒருமுறையாவது ஜாம் செய்துவருகிறேன். பாட்டிலைத் திறந்து சாப்பிடும்போது வரும் மகிழ்ச்சியைவிட, அடுப்பருகே நின்று பதம் பார்க்கும் இரண்டு நிமிடங்களில் வரும் மகிழ்ச்சி எனக்குப் பெரிது. அது எப்படிப்பட்டது என்று சொல்வதற்கு நான் கெடுத்த ஒரு ஜாமிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல்முறை ஸ்ட்ராபெரி வாங்கினேன். நன்றாகப் பழுத்து, தொட்டாலே விரல் சிவக்கும் பழங்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு, கெட்டியானது போலத் தெரிந்ததும் இறக்கினேன். மறுநாள் பார்த்தால் பாட்டிலுக்குள் சிவப்புப் பாகு ததும்பிக்கொண்டிருந்தது. அடுத்த முறை, போன தடவை போல ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில் அடுப்பை அணைக்கவே இல்லை. அது கரண்டியை வளைக்கும் அளவுக்கு இறுகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் தேடிப் படித்தபோதுதான் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது.

பழத்தின் செல் சுவர்களில் பெக்டின் என்றொரு பொருள் இருக்கிறது. பழம் வேகும்போது அது கரைந்து வெளியே வருகிறது. அதன் நீண்ட மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே நீரில் ஒன்றையொன்று விலக்கியபடியே மிதக்கின்றன. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. சர்க்கரை தண்ணீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் பெக்டின் இழைகள் கைகோத்து வலையாகின்றன. அந்த வலைக்குள் சாறு சிக்கிக்கொள்கிறது. ஜாம் என்பது அவ்வளவுதான்: பழத்துக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கொண்டு அந்தப் பழத்தையே கட்டி வைப்பது. ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. பழுக்கப் பழுக்க இன்னும் குறையும். நான் ஆசையாகப் பொறுக்கியவை அத்தனையும் ஜாமுக்குத் தோதில்லாத பழங்கள்! கால் பங்கு சற்றே காயாக இருந்திருக்க வேண்டும், எலுமிச்சையும் பிழிந்திருக்க வேண்டும். இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பெக்டினுக்கு அந்தப் பெயரை 1825-இல் ஹென்றி பிரகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சூட்டினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மனிதர்கள் பழத்தைப் பாகில் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, சூடாக்கிப் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்து 1810-இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அது ஏன் கெடாமல் இருக்கிறது என்பதை லூயி பாஸ்டர் விளக்கியதோ அரை நூற்றாண்டு கழித்து. கை முதலில் கண்டுகொண்டது, காரணம் பிறகு வந்து சேர்ந்தது. கைப்பக்குவம் என்று நாம் சொல்வதை நான் வெறும் புகழ்ச்சியாக இப்போது நினைப்பதில்லை. அது ஓர் அறிவு, செய்து பார்த்தால்தான் வரும்.

இனி, நான் செய்யும் முறை. 500 கிராம் பழத்தை நறுக்கி, 450 கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சையின் சாறும் சேர்த்து இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் மூடி வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே பழம் தன் சாற்றில் மூழ்கியிருக்கும். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துக்கொண்டதால், துண்டுகள் கொதிக்கும்போது எளிதில் குழையாது. அகலமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. நீர் சீக்கிரம் வற்றும். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதோடு வினைபுரியும். சர்க்கரை கரையும் வரை சிறுதீ, பிறகு பெருந்தீ. இதைவிட அதிக அளவில் ஒரே தடவையில் செய்யாதீர்கள். அளவு கூடினால் வற்ற நேரமாகும், நேரமானால் பெக்டின் சிதையும், பழத்தின் மணமும் ஆவியோடு போய்விடும். சிறிய பாத்திரத்தில் பொங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைப்பதோடு போகாது. கொதிக்கும் பாகு வெந்நீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

இங்கேதான் அந்த இரண்டு நிமிடங்கள் வருகின்றன. முதலில் வெளிர் நுரை, சின்னச் சின்னக் குமிழிகள், சலசலவென்று ஓர் ஓசை. பிறகு நுரை அடங்கும். குமிழிகள் பெரிதாகி, மினுமினுத்து, சோம்பலாக உடையும். ஓசை கனத்துப் பொளக், பொளக் என்று மாறும். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் தனித்தனியாகச் சொட்டிக்கொண்டிருந்தது, இரண்டு சொட்டும் விளிம்பில் சேர்ந்து ஒரே தகடாக விழும். வெப்பமானி இருந்தால் 104 அல்லது 105 டிகிரி செல்சியஸ் காட்டும். கடல் மட்டத்துக்கு அது சரி. உயரமான இடங்களில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் நம்புவது ஃப்ரீசரில் முன்கூட்டியே வைத்த சிறிய தட்டைத்தான். அடுப்பை அணைத்துவிட்டு, தட்டில் அரைக் கரண்டி ஜாமை விட்டு, ஒரு நிமிடம் மறுபடி குளிரில் வைத்து எடுத்து, விரலால் மெல்லத் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. தட்டைத் தள்ளிப் பார்ப்பது அவள் வேலை. முதல் தட்டில், "இல்லை அப்பா, ஓடுகிறது" என்றாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஓடியது. மூன்றாவது தட்டில் விரலை வைத்தவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, சுருங்குகிறது!" என்றாள். அந்தக் குரலில் இருந்ததைத்தான் நீங்கள் மகிழ்ச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் நம் கண்முன்னே மாறி, நமக்குப் பதில் சொல்கிறது. அந்த நேரத்தில் கைப்பேசி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மனத்தை அடக்கி ஒருமுகப்படுத்தியதால் வந்த நிலை இல்லை இது. கண்ணும் காதும் விரலும் வேலையில் இருந்தன, மனம் தானாகக் கூட வந்தது.

மீதி சுலபம். பத்து நிமிடம் ஆறவிட்டால் துண்டுகள் மேலே மிதக்காமல் பரவலாக நிற்கும். கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு எடுத்த சூடான பாட்டில்களில் நிரப்பி மூடுங்கள். முழுதாக இறுக ஒன்றிரண்டு நாள் ஆகலாம். முதல் மாலையில் தளர்வாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். இனிப்பைக் குறைத்துச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் சர்க்கரைதான் நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைக்காமல் தடுப்பது. குறைத்தால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிட வேண்டும். பூஞ்சை தெரிந்தால் மேலே மட்டும் வழித்தெடுக்காமல் முழு பாட்டிலையும் கொட்டிவிடுங்கள்.

கடையில் கிடைப்பதை ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு: பணம் மிச்சமாகும் என்று செய்யாதீர்கள், ஆகாது. விற்கவும் நினைக்காதீர்கள். விற்கத் தொடங்கினால் பத்துப் பாட்டிலும் ஒன்றுபோல வர வேண்டும், நாள் குறிக்க வேண்டும், சந்தோஷம் கணக்குப் புத்தகத்துக்குள் போய்விடும். எல்லாப் பொழுதுபோக்கையும் வருமானமாக்கச் சொல்லும் அறிவுரைகள் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகின்றன.

ஜாம் பிடிக்காவிட்டாலும் கவலையில்லை. நான்கு தாள்களை மடித்து, மடிப்பில் மூன்று துளையிட்டு, நடுத்துளையில் ஊசியை நுழைத்து மேலே, அங்கிருந்து கீழே, மறுபடி நடுவுக்கு என்று தைத்து முடிச்சிட்டால் பதினாறு பக்க நோட்டு தயார். பத்து நிமிட வேலை. நூலை எவ்வளவு இழுத்தால் தாள் கிழியாமல் இறுகும் என்பது இரண்டாவது நோட்டில் விரலுக்குத் தெரிந்துவிடும். காலுறை ஓட்டையை இழையோட்டி நெய்து அடைப்பது, ஊறவைத்த விதை முளைவிடுவதைத் தினமும் வரைந்து வைப்பது, யாருக்காவது கையால் கடிதம் எழுதுவது, எல்லாம் அதே இனம்தான்.

முதல்முறைக்கு ஸ்ட்ராபெரி வேண்டாம், பிளம்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெக்டினும் புளிப்பும் போதுமான அளவு இருக்கும். எலுமிச்சை மறந்துபோனால்கூட அநேகமாக இறுகிவிடும். கொட்டையை நீக்கினால் போதும், தோலை உரிக்காதீர்கள். உள்ளே சதை மஞ்சளாக இருந்தாலும், கொதி ஏற ஏற அந்தத் தோலிலிருந்து நிறம் இறங்கிப் பாத்திரம் முழுவதும் கருஞ்சிவப்பாகும். தட்டை ஃப்ரீசரில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். ஒன்றுக்கு மூன்றாகவே வையுங்கள்.